ஏரிக்கரை வீடும் பள்ளி மணியும்



கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கப் போகிறது என்றால் வீட்டில் என்ன நடக்கும்? பழைய நோட்டுகளில் எழுதாத தாள்களைப் பிரித்துத் தைப்பது, புத்தகங்களுக்கு அட்டை போடுவது, சென்ற ஆண்டுச் சீருடை இன்னும் போதுமா என்று போட்டுப் பார்ப்பது, காம்பஸ் பெட்டியைத் தேடுவது என்று ஒரே பரபரப்பாக இருக்கும். இதில் விஞ்ஞானம் எங்கே இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். எல்லா வீட்டிலும் இருக்கிறது. ஆனால் பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள மீனவர் குப்பங்களில் அது கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது.

பழவேற்காடு சென்னைக்கு வடக்கே திருவள்ளூர் மாவட்டத்தில், பொன்னேரி வட்டத்தில் இருக்கிறது. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடி பெரியது இதுதான். ஏரியின் தென்பகுதி தமிழ்நாட்டிலும், பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்திலும் உள்ளன. தெற்கே ஆரணி ஆறும் வடமேற்கே காளங்கி ஆறும் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல் உப்புநீரைக் கொண்டுவருகிறது. ஏரியின் சராசரி ஆழம் சுமார் ஒரு மீட்டர்தான். பல இடங்களில் உங்கள் இடுப்பளவு தண்ணீர்தான் இருக்கும்.

ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு நீண்டு கிடக்கிறது. 1980ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் நமது எஸ்.எல்.வி.-3 ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுமந்து கிளம்பியது இங்கிருந்துதான். இன்றும் ராக்கெட் எழும்பும்போது குப்பத்துப் பிள்ளைகள் வாசலில் நின்றே பார்க்கிறார்கள். ராக்கெட் கிளம்பும் நேரம் நொடிக்கணக்கில் முன்கூட்டியே குறிக்கப்படுகிறது. அதே ஏரியில் வலை கட்டப் போகும் படகு கிளம்பும் நேரமோ தினம் ஒன்றாக மாறுகிறது. அதைக் குறிப்பது நிலவு.

இந்த ஏரிக்கரையில் ஒரு வீட்டைப் பள்ளி ஆண்டுக்குத் தயார் செய்வது என்றால், ஏரி அந்த வீட்டுக்குள் எப்படி எப்படியெல்லாம் நுழைகிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அது காற்றில் உப்பாக வருகிறது. கடிகாரத்தில் ஓதமாக வருகிறது. கையில் பணமாக வருகிறது. இவை மூன்றும் அன்றாடம் வருபவை. எப்போதாவது வெள்ளமாகவும் வருகிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

காற்றில் வரும் உப்பு

கடற்கரையில் அலை உடையும்போது நுண்ணிய நீர்த்துளிகள் தெறிக்கின்றன. காற்று அவற்றை நிலத்துக்குள் அடித்து வருகிறது. வழியில் நீர் ஆவியாகிவிட, உப்புத் தூள் மட்டும் மிஞ்சுகிறது. துணி, சுவர், சைக்கிள், புத்தகம் எல்லாவற்றின்மீதும் இது படிகிறது.

உப்பு படிந்தால் என்ன? மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடியைத் திறந்து பாருங்கள். உப்பு கசிந்து ஈரமாக இருக்கும். காற்றில் ஒப்பு ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டும்போது, சோடியம் குளோரைடு காற்றிலுள்ள நீராவியை இழுத்துத் தானே கரையத் தொடங்கிவிடும். கடல் உப்பில் சோடியம் குளோரைடு மட்டும் இல்லை. சுமார் பத்தில் ஒரு பங்கு மக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. இது இன்னும் பேராசை பிடித்தது. ஈரப்பதம் 33 சதவீதத்தை எட்டினாலே போதும், நீரை இழுக்க ஆரம்பித்துவிடும். கடலோரத்தில் ஈரப்பதம் அவ்வளவு குறைவது அபூர்வம். ஆகவே கடல் உப்பு படிந்த பொருள் முழுதாக உலர்வதே இல்லை என்று சொல்லலாம்.

ஏரித் தண்ணீரில் அலசிய சட்டை வெயிலில் மொடமொடவென்று காய்ந்துவிடும். இரவு கொடியில் கிடந்தால் காலையில் மறுபடி பிசுபிசுக்கும். காரணம் இப்போது உங்களுக்குப் புரியும். இதற்கு மருந்து, கடைசி அலசல் நல்ல தண்ணீரில் இருக்க வேண்டும் என்பதே. நல்ல தண்ணீர் இங்கே சிக்கனமாகச் செலவிட வேண்டிய பொருள். மணல் தீவுகளில் பெய்யும் மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின்மேல் ஒரு வில்லையைப்போல மிதந்து நிற்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலுள்ள உப்புநீர் மேலே வந்துவிடும். ஒரு வாளி நல்ல தண்ணீரை ஒரே தடவை கொட்டி அலசுவதைவிட, அதையே மூன்றாகப் பிரித்து மூன்று தடவை அலசிப் பிழிந்தால் உப்பு மிக அதிகமாக வெளியேறும். ஒவ்வொரு அலசலும் முன்பு மிஞ்சியதில் பெரும்பகுதியை எடுத்துவிடுவதால் இப்படி நடக்கிறது.

புத்தகங்களை எப்போது உலர்த்துவது?

காகிதம் செல்லுலோஸால் ஆனது. அதுவும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி உப்பும். ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து இருந்தால் பூஞ்சை வளரும். சென்ற ஆண்டு அக்காள் படித்த புத்தகத்தைத் தம்பிக்கு எடுத்துக் கொடுக்கும்போது வரும் அந்த மக்கிய வாடை பூஞ்சையின் வாடைதான்.

உலர்த்துவதற்கு நேரம் பார்க்க வேண்டும். விடியற்காலையில் வெப்பநிலை 28 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 85 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முற்பகலில் வெப்பநிலை 36 டிகிரிக்கு ஏறுகிறது. காற்றிலுள்ள நீராவியின் அளவு மாறவில்லை. ஆனால் சூடான காற்றில் நீராவிக்கு இடம் அதிகம். அதனால் ஒப்பு ஈரப்பதம் சுமார் 54 சதவீதமாகக் குறைந்துவிடும். ஜூன் மாதத்தில் இங்கே முற்பகலில் மேற்கிலிருந்து நிலக்காற்று வீசும். நண்பகலுக்குப் பின் தரை கடலைவிட மிகவும் சூடாகிவிடுவதால், கடற்காற்று உள்ளே புகும். அது ஈரத்தையும் உப்பையும் சேர்த்துக் கொண்டுவரும்.

ஆகவே புத்தகம், சீருடை, பாய், தலையணை எல்லாவற்றையும் காலை 9 மணியிலிருந்து நண்பகலுக்குள் உலர்த்தி, கடற்காற்று வீசும் முன்பே உள்ளே எடுத்து வைத்துவிட வேண்டும். புத்தகத்தை நேர் வெயிலில் போட்டால் தாள் பழுப்பேறும், பசை விட்டுப்போகும். நிழலில், காற்று வாக்கில், பக்கங்களை விரித்து நிறுத்தி வைப்பதே நல்லது.

வைக்கும் இடமும் முக்கியம். செங்கல் சுவர் தரையிலிருந்து உப்புநீரை நுண்துளை வழியாக மேலே உறிஞ்சுகிறது. விளக்குத்திரி எண்ணெயை உறிஞ்சுவது போலத்தான். நீர் ஆவியானதும் உப்பு வெள்ளையாகப் பூக்கிறது. புத்தக அலமாரியைக் கடலைப் பார்த்த வெளிச்சுவரில் ஒட்டி வைக்காமல், உட்சுவரில் நான்கு விரல் இடைவெளி விட்டு வைத்தால் காற்று ஓடும், ஈரம் தொற்றாது. பெட்டிக்குள் வைப்பதானால், ஒரு கைப்பிடி அரிசியை வறுத்து ஆறவிட்டு, துணியில் முடிந்து உள்ளே போடுங்கள். அது கொஞ்சம் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை மீண்டும் வறுத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பயனில்லை.

காம்பஸ் துருப்பிடிப்பது ஏன்?

இரும்பு துருப்பிடிக்க ஆக்சிஜனும் நீரும் வேண்டும். உப்பு இருந்தால் நீர் மின்சாரத்தை எளிதில் கடத்தும். இரும்பின் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மின்னோட்டம் எளிதாக ஓடி, துருப்பிடிக்கும் வேகம் கூடுகிறது. நகரத்து மாணவனின் காம்பஸ் மூன்று ஆண்டு வந்தால், கடலோர மாணவனின் காம்பஸ் ஒரே ஆண்டில் மூட்டு இறுகிப் போவது இதனால்தான். சைக்கிள் சங்கிலி, டிரங்குப் பெட்டியின் கீல், குடைக்கம்பி எல்லாவற்றுக்கும் இதே கதிதான். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் உப்பைத் துடைத்து, உலர்த்தி, மெல்லிதாக எண்ணெய் தடவி வைத்தால் காற்றும் நீரும் இரும்பைத் தொட முடியாது. உப்பைத் துடைக்காமல் எண்ணெய் தடவினால், உப்பு உள்ளே இருந்துகொண்டே தன் வேலையைச் செய்யும்.

செய்து பாருங்கள்: ஒரே அளவான இரண்டு துணித்துண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை நல்ல தண்ணீரிலும், மற்றதைக் கல்லுப்புக் கரைத்த தண்ணீரிலும் நனைத்து வெயிலில் உலர்த்துங்கள். இரவு முழுதும் வீட்டுக்குள் கொடியில் தொங்கவிடுங்கள். விடிந்ததும் தொட்டுப் பாருங்கள். எது ஈரமாக இருக்கிறது? இதேபோல் இரண்டு புதிய ஆணிகளை இரண்டு தண்ணீரிலும் பாதி முழுகும்படி போட்டு, ஒரு வாரம் கவனியுங்கள்.

கடிகாரத்தில் வரும் ஓதம்

இனி இரண்டாவது வழி. பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றி முடிக்கும் நேரத்தில் நிலவும் தன் பாதையில் சற்று முன்னேறிவிடுகிறது. அதே இடம் மறுபடி நிலவுக்கு நேராக வர, 24 மணி நேரத்தோடு இன்னும் சுமார் 50 நிமிடம் ஆகிறது. கடல்நீர் இந்த நேரத்தில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றுகிறது. எனவே இன்று காலை 4 மணிக்கு நடந்த ஏற்றம் அல்லது வற்றம் நாளை 4.50க்கு நடக்கும்.

சென்னைக் கடற்கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்கூட நீர் ஏறி இறங்கும் உயரம் சுமார் ஒரு மீட்டர்தான். ஏரிக்குள் அது இன்னும் குறைவு. முகத்துவாரத்திலிருந்து தள்ளிப் போகப் போக நேரமும் தாமதமாகும். ஆனால் இடுப்பளவு ஆழமுள்ள ஏரியில் ஒரு சாண் நீர் குறைந்தாலும் பெரிய மாறுதல்தான். படகு தரைதட்டும். படகில் ஏரியைக் கடந்து பள்ளிக்குப் போகும் மாணவர்கள் வற்று நேரத்தில் கூடுதல் நேரம் வைத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். நேரமாகிவிட்டதென்று ஒரே படகில் நெருக்கியடித்து ஏறக் கூடாது. மிதவைச் சட்டை அணிய வேண்டும். 2011ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் பழவேற்காட்டில் சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை ஊரார் மறக்கவில்லை.

மீன்பிடி நேரத்தையும் ஓதமே தீர்மானிக்கிறது. நீர் வற்றும்போது ஏரிநீர் முகத்துவாரத்தை நோக்கி ஓடுகிறது. ஏரியில் வளர்ந்த இறால் அந்த ஓட்டத்தோடு கடலை நோக்கிக் கிளம்பும், அதுவும் பெரும்பாலும் இருட்டில். கட்டுவலை அந்த நேரத்துக்குத் தயாராக நிற்க வேண்டும்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். ஒரு ஞாயிறு காலை 4 மணிக்கு நீர் வற்றி முடிகிறது. வலையைத் தூக்கிப் படகு கரைக்கு வருகிறது. திங்கள் 4.50, செவ்வாய் 5.40, புதன் 6.30, வியாழன் 7.20, வெள்ளி 8.10. பிள்ளைகள் 8 மணிக்குப் பள்ளிக்குக் கிளம்ப வேண்டும். ஞாயிறு, திங்களில் வேலை முடிந்தபின் நேரம் இருக்கிறது. வெள்ளியன்று படகு வரும் முன்பே பிள்ளைகள் போய்விடுவார்கள். சிக்கல் செவ்வாய், புதன், வியாழனில்தான். அந்த மூன்று காலைகளில் இறால் பிரிப்பதும், பனிக்கட்டி போடுவதும், ஏலத்துக்குக் கொண்டு போவதும் பள்ளி கிளம்பும் நேரமும் ஒன்றாக வந்து மோதுகின்றன. மீனை விற்கப் போவது பல வீடுகளில் அம்மாதான். அப்பாவும் கரையில் இருப்பார். கைக்குழந்தையை யார் பார்ப்பது? பெரும்பாலும் வீட்டின் மூத்த பெண் அன்று பள்ளிக்குப் போகாமல் நின்றுவிடுகிறாள்.

‘இரண்டு நாள்தானே’ என்று தோன்றும். கணக்கைத் தொடர்ந்து போடுங்கள். ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடைவெளி 12 மணி 25 நிமிடம். 15 நாளில் 50 நிமிடம் வீதம் மொத்தம் 750 நிமிடம், அதாவது 12 மணி 30 நிமிடம் தள்ளிப்போகிறது. ஆகவே 15 நாள் கழித்து அடுத்த ஓதம் ஏறக்குறைய அதே 4 மணிக்கு வந்து நிற்கும். சிக்கலான காலைகளும் 15 நாளுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் நின்றால், பத்து மாதப் பள்ளி ஆண்டில் சுமார் 40 நாள் போய்விடும். கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 220 வேலை நாட்களை விதித்திருக்கிறது. அதில் 40 நாள் என்பது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. ஒரு பாடப் புத்தகத்தில் ஐந்தில் ஒரு பாகத்தைக் கிழித்துவிட்டுப் பரீட்சைக்குப் போவது போன்றது இது. அந்தப் பெண் கணக்கில் பின்தங்கினால், அவளுக்குப் படிப்பு வரவில்லை என்று சொல்லிவிடுவது எவ்வளவு தவறு!

ஆனால் இதே கணக்கில் நல்ல செய்தியும் இருக்கிறது. சிக்கல் நாட்கள் திடீரென்று வருவதில்லை. முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம். ஏரிக்கரையில் ஒரு மூங்கில் கம்பை நட்டு, 5 செ.மீ.க்கு ஒரு கோடு போடுங்கள். ஒரு வாரம், நீர் மிக அதிகமாக ஏறும் நேரத்தையும் மிக அதிகமாக வற்றும் நேரத்தையும் குறித்து வையுங்கள். பிறகு நாட்காட்டியில் தினம் 50 நிமிடம் கூட்டிக்கொண்டே போங்கள். தாத்தாவிடமும் கேளுங்கள், பிறை பார்த்தே நேரம் சொல்லுவார். அவர் சொல்வதும் உங்கள் கணக்கும் எவ்வளவு ஒத்துப் போகின்றன என்று பாருங்கள். மழையும் காற்றும் கணக்கைக் கொஞ்சம் முன்பின்னாக்கும். முகத்துவாரம் அடைபட்டுவிட்டால் ஏரிக்குள் ஓதமே இராது.

நெருக்கடிக் காலைகளைச் சிவப்பு மையில் வட்டமிட்டுச் சுவரில் மாட்டுங்கள். அந்த நாட்களுக்கு முதல்நாள் இரவே பை அடுக்கி, சீருடை எடுத்து வைத்து, தண்ணீர் பிடித்துவைக்க வேண்டும். குழந்தையைப் பார்க்க வேண்டிய முறை யாருடையது என்று அத்தை, பாட்டி, பக்கத்து வீட்டுச் சித்தி எல்லோரையும் கலந்து முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டுப் பையனும் இதில் ஒரு கை கொடுத்தால் வேலை பாதியாகும்.

உடம்புக்குள் ஒரு கடிகாரம்

நம் உடம்புக்குள்ளும் ஒரு கடிகாரம் ஓடுகிறது. எப்போது தூக்கம் வர வேண்டும், எப்போது விழிக்க வேண்டும் என்பதை அது சொல்கிறது. இது செல்லுக்குள் எப்படி இயங்குகிறது என்று கண்டுபிடித்ததற்காக ஹால், ராஸ்பாஷ், யங் என்ற மூன்று அமெரிக்க விஞ்ஞானிகள் 2017ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார்கள். இந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது வெளிச்சம். காலை வெளிச்சம் அதை முன்னுக்குத் தள்ளும். இரவு நேர வெளிச்சம், கைப்பேசித் திரையின் வெளிச்சம் உட்பட, அதைப் பின்னுக்குத் தள்ளும்.

விடுமுறையில் இரவு 11.30க்குத் தூங்கிப் பழகிய பிள்ளை, பள்ளி திறப்பதற்கு முதல்நாள் மட்டும் 9.30க்குப் படுத்தால் தூக்கம் வராது. தினம் 15 நிமிடம் முன்னதாகப் படுத்து, 15 நிமிடம் முன்னதாக எழுந்து வெளிச்சத்துக்கு வந்தால், இரண்டு மணி நேரத்தை எட்டே நாளில் சரி செய்துவிடலாம். உங்கள் வயதில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. அப்பா வலைக்குக் கிளம்பும்போதும் திரும்பும்போதும் வீடு விழித்துக்கொள்ளும் என்பதால், மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது எளிதல்ல. வலை, எண்ணெய் விளக்கு, டார்ச், சாப்பாட்டுத் தூக்கு ஆகியவற்றை மாலையிலேயே வாசல் திண்ணையில் வைத்துவிட்டால், அவர் உள்ளே விளக்குப் போட்டுத் தேட வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரத் தூக்கம் மிச்சமாகும்.

கையில் வரும் பணம்

ஏரியில் நல்ல இறால் கிடைக்கும் இடங்கள் சிலவே. அவை பெரும்பாலும் முகத்துவாரத்தை ஒட்டியவை. எல்லோரும் ஒரே நேரத்தில் அங்கே வலை கட்ட முடியாது. இதற்காகப் பழவேற்காட்டு மீனவர்கள் நெடுங்காலமாக ஒரு முறை வைத்திருக்கிறார்கள். அதற்குப் ‘பாடு’ என்று பெயர். எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை கட்டலாம் என்பதை ஊர் கூடி முறை போட்டுக்கொள்கிறது. இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளை வேறு இடம். இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் கட்டுவலை இடங்களைச் சீட்டுப் போட்டு மாற்றிக்கொள்ளும் வழக்கம் உண்டு.

இந்த முறையினால் ஒரு வீட்டின் வருமானம் மாதச் சம்பளம் போல வராமல், முறை வரும் நாட்களில் அலையலையாக வருகிறது. கோடை முடிவில் இன்னொரு தொல்லையும் சேர்கிறது. ஆறுகளில் நீர் இல்லை. கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலைத் தள்ளிவிட ஓட்டம் இல்லாததால், முகத்துவாரம் குறுகுகிறது. சில ஆண்டுகளில் அடைந்தே போகிறது. அப்போது கடலிலிருந்து இறால் குஞ்சுகள் உள்ளே வர முடியாது. ஏரிநீர் ஆவியாகி, கடல்நீரைவிட அதிகமாகக் கரிக்கும். ஏரி இப்படி மெலிந்திருக்கும் வேளையில்தான் பள்ளிச் செலவு வந்து நிற்கிறது.

அரசுப் பள்ளிகளில் பாடப் புத்தகம், சீருடை, மதிய உணவு ஆகியவை விலையில்லாமல் கிடைக்கின்றன. இருந்தும் நோட்டு, தண்ணீர்ப் புட்டி, போக்குவரத்து, பெரிய வகுப்புக்கான கையேடு என்று செலவு இருக்கவே செய்யும். உதாரணத்துக்கு, ஜூன் மாதத்துக்கு ரூ. 1,500 தேவை என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்குப் பத்து முறை பாடு வருகிறது என்றால், ஜனவரி முதல் மே வரை ஐம்பது முறை. ஒவ்வொரு முறையும் ரூ. 30 தனியே எடுத்து வைத்தால் 30 × 50 = 1,500. வட்டிக்குக் கடன் வாங்க வேண்டாம். மாதத்துக்கு ரூ. 300 என்று சொன்னால் முடியாது போலத் தோன்றும் தொகை, பாட்டுக்கு ரூ. 30 என்றால் வீட்டின் நடைமுறையோடு பொருந்திவிடுகிறது. ஊருக்கே பொதுவான இடத்தை யாருக்கும் குறைவில்லாமல் பங்கிட முறை வகுத்தவர்களுக்கு, வீட்டு வேலையையும் வீட்டுப் பணத்தையும் முறை போட்டுக்கொள்வது புதிதல்ல.

டிசம்பருக்கு ஜூனிலேயே தயார்

2004 டிசம்பர் 26இல் சுனாமி, 2015 டிசம்பரில் பெருவெள்ளம், 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல், 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல். இவற்றில் சுனாமி கடலடி நிலநடுக்கத்தால் வந்தது; அதற்கு மாதக் கணக்கு கிடையாது. மற்றவை வடகிழக்குப் பருவமழைக் காலத்துக்கு உரியவை. அரையாண்டுத் தேர்வும் அதே டிசம்பரில்தான் வருகிறது.

ஆகவே ஜூன் மாதத்தில் வீட்டை ஒழுங்கு செய்யும்போதே ஒரு வேலையைச் செய்துவிட வேண்டும். பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் கெட்டியான பிளாஸ்டிக் உறையில் இட்டு, வாயை மடித்துக் கட்டி, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஓர் உயரமான இடத்தில் வையுங்கள். கிளம்பச் சொன்னால் கையில் எடுக்க வேண்டிய முதல் பொருள் அதுவே. நனைந்த சட்டையை உலர்த்தலாம். மை கரைந்துபோன சான்றிதழைத் திரும்பப் பெறப் பல மாதம் அலைய நேரிடும்.

இறங்குமுக எண்ணிக்கை

ராக்கெட் ஏவும்போது பத்து, ஒன்பது, எட்டு என்று இறங்குமுகமாக எண்ணுவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். கடைசி நொடியில் எதுவும் விட்டுப்போகாமலிருக்க அது உதவுகிறது. நாமும் அப்படி ஒரு பட்டியல் போடலாம்.

14 நாள் முன்பு: கம்பு நட்டு ஓத நேரம் குறிக்கத் தொடங்குங்கள். ஒரு வாரம் ஆனதும் நாட்காட்டியில் நெருக்கடிக் காலைகளை வட்டமிடுங்கள்.

10 நாள் முன்பு: தூங்கும் நேரத்தைத் தினம் 15 நிமிடம் முன்னுக்குக் கொண்டுவாருங்கள்.

7 நாள் முன்பு: புத்தகம், நோட்டுகளை முற்பகலில் காற்றாட வையுங்கள். அலமாரியைச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். சான்றிதழ்களை உறையில் இடுங்கள்.

3 நாள் முன்பு: சீருடையை நல்ல தண்ணீரில் மும்முறை அலசி உலர்த்துங்கள். காம்பஸ், சைக்கிள் சங்கிலியைத் துடைத்து எண்ணெய் இடுங்கள்.

1 நாள் முன்பு: பையை நிறுத்துப் பாருங்கள். 2020ஆம் ஆண்டு வெளியான பள்ளிப் பைக் கொள்கை, பையின் எடை மாணவரின் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. நீங்கள் 40 கிலோ என்றால் பை 4 கிலோவுக்குள் இருக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரே ஒரு கிலோ என்பதை மறக்க வேண்டாம். மீன் நிறுக்கும் தராசு வீட்டில் இருந்தால் அதிலேயே நிறுக்கலாம்.

நண்பர்களே! உங்கள் ஊரில் ஏரி இல்லாமலிருக்கலாம். ஆனால் உங்கள் வீட்டுக்குள்ளும் ஏதோ ஒன்று நுழைந்துகொண்டுதான் இருக்கும். சிவகாசிப் பக்கம் அது அனலாக இருக்கலாம். நீலகிரியில் குளிர்ச்சாரலாக இருக்கலாம். தஞ்சையில் நாற்று நடவு வேலையாக இருக்கலாம். எந்தெந்த நாளில் பள்ளிக்குப் போக முடியாமல் போனது, ஏன் என்று சென்ற ஆண்டை நினைத்து ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அந்த நாட்களுக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறதா என்று தேடுங்கள். ஒழுங்கு தெரிந்துவிட்டால், வரும் ஆண்டில் அவற்றில் பாதி நாட்களையாவது நீங்கள் மீட்டுக்கொள்ளலாம்.